பத்து லட்சம் ஸ்ட்ரீம், கையில் எவ்வளவு? சுயாதீன இசைக் கலைஞரின் வரவு செலவு

2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ வெளியிட்டார். ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் அதில் பங்கெடுத்த கலைஞர்களுக்கு அதன் வருவாயிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். கேட்டவர்கள் குழம்பிப்போனார்கள். யூடியூபில் பல கோடிப் பார்வை பெற்ற பாட்டு அது. அதற்கே பணம் வரவில்லை என்றால், சில ஆயிரம் பேர் கேட்கும் பாட்டைப் போட்டவர் எப்படிப் பிழைக்கிறார்?

அந்தச் சர்ச்சையில் யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பேச்சல்ல. சினிமாவுக்கு வெளியே பாட்டுப் போடும் ஒருவருக்குப் பணம் எந்த வழியாக வருகிறது, வழியில் எங்கே நிற்கிறது, கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை மட்டும் அடியிலிருந்து பார்ப்போம்.

ஒரு பாட்டு, இரண்டு சொத்து

‘இந்தப் பாட்டு யாருடையது?’ என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மூன்றாவதாக ஓர் உரிமையும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

1. படைப்பு. எழுதிய வரியும் போட்ட மெட்டும். யார் பாடினாலும், எத்தனை முறை பதிவு செய்தாலும் இந்தச் சொத்து மாறாது. படைத்தவரின் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும்.

2. ஒலிப்பதிவு. தொழிலில் ‘மாஸ்டர்’ என்பார்கள். அந்தக் குறிப்பிட்ட பதிவு மட்டும்தான் இது. இதன் உரிமையாளர் பாடியவர் என்று நினைத்துவிட வேண்டாம். பொறுப்பேற்றுப் பதிவை நடத்தியவர்தான் உரிமையாளர். பாட்டை வெளியிடும் லேபிள் நிறுவனமாக இருக்கலாம், கலைஞரே ஆகவும் இருக்கலாம். வெளியானதிலிருந்து 60 ஆண்டு.

3. நிகழ்த்துநர் உரிமை. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் உரியது, 50 ஆண்டு. பதிவு வணிகத்துக்குப் பயன்பட்டால் அவர்களுக்கும் ராயல்டி (பயன்பாட்டுக்கு ஏற்ப வரும் பங்குத் தொகை) உண்டு என்பதை 2012-இல் வந்த சட்டத் திருத்தம் உறுதி செய்தது.

கோயில் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். மனை ஒருவருடையது, மேலே நிற்கும் கட்டடம் இன்னொருவருடையது. வாடகை வந்தால் இரண்டு பேருக்கும் போக வேண்டும்.

சினிமாவில் நெடுங்காலம் இரண்டுமே தயாரிப்பாளருக்குத்தான் போயின. 1977-இல் உச்ச நீதிமன்றம் அதை அங்கீகரித்தது. 2012 திருத்தம்தான் அதில் கை வைத்தது. உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்த பிறகும், திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளுக்கு வரும் ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு உண்டு. அந்தப் பங்கை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டாலும் செல்லாது.

சுயாதீனக் கலைஞர் என்பவர் சட்டத்தின் கண்ணில் யார் என்றால், மனை, கட்டடம் இரண்டையும் தன் பெயரில் வைத்துக்கொண்டு தொடங்குபவர். பெரிய அனுகூலம்தான். ஆனால் ஒருத்தி வரி எழுத, ஒருவன் வீட்டுக் கணினியில் பீட் (பின்னணித் தாள இசை) போட, இன்னொருவன் பாட, மூன்று பேரும் காசு போட்டு மிக்ஸிங் (பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்வது) செய்திருந்தால் மாஸ்டர் யாருடையது? எழுதி வைக்காவிட்டால் பாட்டு ஓடாதவரை யாருக்கும் கவலை இல்லை. ஓடிய அன்று சண்டை. இணையத்தில் ‘லீஸ்’ எடுத்த பீட் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலும் அந்த லீஸில் ‘இத்தனை ஸ்ட்ரீம் வரை’ என்று ஒரு வரம்பு இருக்கும் (இணையத் தளத்தில் ஒருவர் ஒரு முறை கேட்டால் ஒரு ஸ்ட்ரீம்). பாட்டு ஹிட்டானால் வரம்பு தாண்டிவிடும், மறுபடி பணம் கட்ட வேண்டும்.

பணம் வரும் குழாய்கள்

எல்லாப் பணமும் ஒரே குழாயில் வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டி, தனிச் சாவி. சாவியைப் போய்க் கேட்டு வாங்காதவருக்குத் தண்ணீர் வராது.

1. டிஸ்ட்ரிபியூட்டர். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களில் தனி ஆள் நேரடியாகப் பாட்டை ஏற்ற முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற இடைநிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். ஆண்டுக் கட்டணம் வாங்குவோரும் உண்டு, வருவாயில் சதவீதம் எடுப்போரும் உண்டு. சிலவற்றில் கட்டணத்தை நிறுத்தினால் பாட்டும் தளத்திலிருந்து இறங்கிவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்து அடையாள எண் கிடைக்கும். இந்தக் குழாயில் வருவது மாஸ்டருக்கான பணம்.

2. ஐ.பி.ஆர்.எஸ். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்கான சங்கம். 1969-இல் தொடங்கியது, 2017-இல் பதிப்புரிமைச் சங்கமாக மறுபடி பதிவானது. ஹோட்டல், மால், தொலைக்காட்சி, ஸ்ட்ரீமிங் தளம் ஆகியவற்றிடம் வசூலித்து வரி எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் பிரித்துத் தருகிறது. அதாவது படைப்புக்கான பணம். உறுப்பினராகி, பாட்டையும் பதிவு செய்தவருக்குத்தான் வரும்.

3. பாடகர் சங்கம். 2013-இல் ‘இஸ்ரா’ என்று பதிவானது, இப்போது இசைக்கருவி வாசிப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு ‘இஸாம்ரா’. நிகழ்த்துநர் உரிமைக்கான ராயல்டி இதன் வேலை.

4. யூடியூப். சொந்தச் சேனலின் விளம்பர வருவாய் ஒன்று, பாட்டை வேறு யாரோ தங்கள் வீடியோவில் பயன்படுத்தினால் ‘கன்டென்ட் ஐடி’ என்ற, பாட்டை அடையாளம் காணும் ஏற்பாட்டின் வழியாக வருவது இன்னொன்று.

5. விளம்பரம், குறும்படம், வெப் தொடர் ஆகியவற்றுக்குப் பாட்டைக் கொடுப்பது. ஒரே தடவைத் தொகை, பேரம் பேசி வாங்குவது.

முதல் குழாயை மட்டும் திறந்துவிட்டுக் காத்திருப்பவர்களே அதிகம். மற்றவற்றையும் திறந்தவர்களுக்குப் பெயர் ஒரு தொல்லை. நம் ஊரில் இனிஷியல் பழக்கம் இருக்கிறதே, அதனால் ஒரே ஆள் ஒரு தளத்தில் ‘எஸ். கார்த்திக்’, இன்னொன்றில் ‘கார்த்திக் எஸ்.’, மூன்றாவதில் வெறும் ‘கார்த்திக்’. ஆங்கில எழுத்துக்கூட்டு வேறு ஆளுக்கு ஆள் மாறும். கணினிக்கு இவர்கள் மூன்று மனிதர்கள். பணம் வந்தும் ஆள் சேராமல் நிற்கும்.

குழாயே இல்லாத இடமும் உண்டு. கல்யாண ஊர்வலத்திலும் அதையொட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு ஒலிபரப்புவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று சட்டமே விலக்குத் தந்திருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதை ஓர் அறிவிப்பாகவும் நினைவுபடுத்தியது. ஆகவே மண்டபம் மண்டபமாக ஒரு பாட்டு ஓடினாலும் அந்த வகையில் எழுதியவருக்கு எதுவும் வராது. கல்யாண வீட்டார் பக்கம் பார்த்தால் நியாயமான விலக்குதான்.

ஒரு ஸ்ட்ரீமுக்கு எத்தனை பைசா?

‘ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு’ என்று எந்தத் தளமும் விலை நிர்ணயிப்பதில்லை. மாத வருவாய் முழுவதும் ஒரு பானையில் சேர்கிறது. தளம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. மீதியை, மொத்த ஸ்ட்ரீம்களில் ஒவ்வொரு பாட்டுக்கும் உள்ள விகிதப்படி பிரிக்கிறார்கள். உங்கள் ரசிகர் ஒருவர் மாதம் முழுக்க உங்கள் பாட்டை மட்டுமே கேட்டாலும் அவருடைய சந்தா அப்படியே உங்களுக்கு வராது. பானைக்குப் போய், பெரிய நட்சத்திரங்களின் கோடிக்கணக்கான ஸ்ட்ரீம்களோடு போட்டியிட்டுத்தான் வரும். ரசிகரின் சந்தாவை அவர் கேட்டவர்களுக்கே கொடுக்கும் முறையை சவுண்ட்கிளவுட் என்ற தளம் 2021-இல் கொண்டுவந்தது. பெரிய தளங்கள் பானையை விடவில்லை.

சரி, பானையில் எவ்வளவு விழுகிறது? ஸ்பாட்டிஃபை 2019-இல் இந்தியாவுக்கு வந்தது. தனிநபர் மாதச் சந்தா பல ஆண்டுகள் ₹119 ஆக இருந்தது. அதை வைத்தே ஒரு மனக்கணக்கு போடலாம்.

1. ₹119-இல் 18% ஜி.எஸ்.டி. அடக்கம். அதைக் கழித்தால் ஏறத்தாழ ₹101.

2. வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களுக்குப் போவதாகத் தளம் சொல்கிறது. அது சுமார் ₹67. மாஸ்டர், படைப்பு இரண்டுக்குமான தொகை இது.

3. அந்தச் சந்தாதாரர் மாதம் 1,000 பாட்டு கேட்கிறார் என்று வைத்துக்கொண்டால் ஒரு பாட்டுக்கு 6.7 பைசா.

காசு கட்டிக் கேட்பவரின் கணக்கு இது. நம் நாட்டில் விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்களே மிகப் பெரும்பான்மை, அவர்களால் வரும் தொகை இன்னும் குறைவு. எல்லோரும் சந்தாதாரர்கள் என்றே வைத்துக்கொண்டாலும் பத்து லட்சம் ஸ்ட்ரீமுக்கு ₹67,000. டிஸ்ட்ரிபியூட்டர் பங்கு போக, மூன்று பேருக்குப் பிரித்தால் தலைக்கு ₹20,000 சொச்சம். நல்ல ஸ்டுடியோவில் பதிவு, மிக்ஸிங், மாஸ்டரிங் (கடைசி ஒலி மெருகு), ஒரு சுமாரான வீடியோ என்று போனால் இந்தத் தொகை முதலுக்கே காணாது.

அடித்தட்டில் இருப்பவருக்கு இன்னொரு கதவும் சாத்தியிருக்கிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாவிட்டால் மாஸ்டர் ராயல்டி பூஜ்யம். மேலே போட்ட கணக்குப்படி 999 ஸ்ட்ரீமின் மதிப்பு ₹67-தான், ஒருவருக்குப் பெரிய இழப்பில்லை என்று சொல்லலாம். ஆனால் அப்படிப்பட்ட பாட்டுகள் கணக்கில்லாமல் இருக்கின்றன. அவற்றுக்குப் போகாத காசு பானைக்குள்ளேயே தங்கி, ஏற்கெனவே ஓடுகிறவர்களுக்குப் போகிறது.

இந்த இடத்தில் தமிழில் பாடுபவருக்கு ஒரு தனி வாய்ப்பும் இருக்கிறது. கேட்பவர் எந்த நாட்டில் சந்தா கட்டுகிறாரோ அந்த நாட்டுப் பானையிலிருந்துதான் பணம் வருகிறது. அமெரிக்காவில் 2024-இல் தனிநபர் சந்தா 11.99 டாலர். அதில் மூன்றில் இரண்டு பங்கு 8 டாலர், நம் ₹67-ஐப் போலப் பத்து மடங்கு. டொரண்டோவிலோ லண்டனிலோ ஓஸ்லோவிலோ காசு கட்டிக் கேட்கும் தமிழர் ஒருவர், பண அளவில், மதுரையில் கேட்கும் பலருக்குச் சமம். புலம்பெயர்ந்த ரசிகர்களைச் சுயாதீனக் கலைஞர்கள் அவ்வளவு அக்கறையாகக் கவனிப்பதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை.

யூடியூப் கணக்கு வேறு. விளம்பரப் பங்கு வேண்டுமானால் சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையும்) வேண்டும். நீள வீடியோவில் விளம்பரப் பணத்தில் 55% சேனலுக்கு, ஷார்ட்ஸில் 45%. 2021 ஜூன் முதல் அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் தொகைக்கு அந்நாட்டு வரி பிடிக்கிறார்கள். இந்தியருக்கு ஒப்பந்தப்படி 15%. வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டவருக்கோ உலகம் முழுவதிலிருந்தும் வரும் தொகையில் 24% வரை போகலாம்.

அட்வான்ஸ் என்பது கடன்

‘நாங்கள் வெளியிடுகிறோம், ஐந்து லட்சம் செலவு செய்கிறோம், வருவதில் 30% உங்களுக்கு’ என்று ஒரு லேபிள் வந்தால் நல்ல பேரம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த ஐந்து லட்சம் முன்பணம்தான், பிறகு வருவாயில் கழித்துக்கொள்வார்கள். எங்கிருந்து கழிக்கிறார்கள் என்பதில்தான் விஷயம்.

மொத்த வருவாயிலிருந்து முதலில் கழிப்பதாக இருந்தால் ₹5 லட்சம் வந்தவுடன் கணக்கு நேராகிவிடும். அடுத்த ரூபாயிலிருந்து கலைஞருக்கு 30 பைசா. கலைஞரின் 30% பங்கிலிருந்து மட்டும் கழிப்பதாக இருந்தால், அந்தப் பங்கு ₹5 லட்சத்தைத் தொட மொத்த வருவாய் ₹16.67 லட்சம் ஆக வேண்டும். அதுவரை கலைஞருக்கு எதுவும் இல்லை. அதற்குள் லேபிள் போட்ட முதலை எடுத்து, மேலும் ₹11.67 லட்சம் பார்த்துவிட்டிருக்கும். இரண்டு ஒப்பந்தத்துக்கும் வித்தியாசம் ஒரே ஒரு வரி. பார்வை கோடிக்கணக்கில் ஓடியும் கலைஞரின் கணக்கில் பூஜ்யமே நிற்பதற்கு மோசடிதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை, இப்படிப்பட்ட ஒரு வரியே போதும்.

ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்ட இடங்களைச் சட்டம் நிரப்புகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

1. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரல் செய்தியில் ‘சரி ப்ரோ’ என்று சொன்னதால் மாஸ்டர் கைமாறிவிடாது.

2. எத்தனை ஆண்டு என்று எழுதவில்லையென்றால் 5 ஆண்டுதான்.

3. எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதவில்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும்.

4. வாங்கியவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு சொல்லாதவரை, அது காலாவதியாகிவிடும்.

லேபிள்களின் வக்கீல்களுக்கு இது தெரியும். அதனால்தான் அச்சடித்த ஒப்பந்தங்களில் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்ற சொற்கள் தவறாமல் இருக்கின்றன. மேலே நாலாவதாகச் சொன்ன ஓராண்டு விதி தங்களைக் கட்டுப்படுத்தாது என்ற வரியும் பெரும்பாலும் கூடவே வரும். அவை அங்கே சடங்குக்காக உட்கார்ந்திருக்கவில்லை. பேரம் பேச வேண்டிய இடம் அதுதான்.

மேடைக் கணக்கு

பதிவில் வராத பணம் மேடையில் வருகிறது. கல்லூரி கல்சுரல்ஸ், கம்பெனி விழா, மால், பப், ஊர்த் திருவிழா எல்லாம் இதில் அடக்கம். ஒரு ஷோவுக்கு ஒரு லட்சம் பேசியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியே சொன்னால் கண் விரியும் தொகை. உள்ளே பிரித்தால், எண்கள் உதாரணத்துக்காக:

1. மேனேஜருக்கு 15%: ₹15,000
2. உடன் வாசிக்கும் நால்வருக்கு தலா ₹10,000: ₹40,000
3. வேன், தங்கல், சாப்பாடு: ₹15,000
4. ஜாம் ரூம் வாடகை, ஒத்திகைச் செலவு: ₹5,000

மிச்சம் ₹25,000. ஆனால் பணம் கொடுப்பவர் ஒரு லட்சத்துக்கும் சேர்த்து 10% டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருப்பார். ஆகவே அன்றைக்குக் கையில் ₹15,000. அந்தப் பத்தாயிரத்தில் திரும்பக் கிடைக்க வேண்டியது, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்த பிறகுதான் வரும். பாதி அட்வான்ஸ், பாக்கி ஷோ முடிந்ததும் என்பது வழக்கம். இந்தப் ‘பாக்கி’ இரவு பதினொரு மணிக்கு மேடைக்குப் பின்னால் கிடைத்தால் அதிர்ஷ்டம். ‘அக்கவுண்ட்ஸில் சொல்லிட்டேன், அடுத்த வாரம் வந்துடும்’ என்று தொடங்கினால் மூன்று மாதம்.

அடுத்தது ஜி.எஸ்.டி. சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் ₹20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பார்ப்பது லாபத்தை அல்ல, விற்றுமுதலை. மேலே சொன்ன ஷோவை ஆண்டுக்கு 20 முறை செய்தவரின் சொந்த வருமானம் ₹5 லட்சம், விற்றுமுதல் ₹20 லட்சம். இருபத்தோராவது ஷோ பேசியவுடன் அவர் ஜி.எஸ்.டி. ஆள். பில்லில் 18% கூடும். அந்த வரியைத் தன் ஜி.எஸ்.டி. கணக்கில் கழித்துக்கொள்ள முடியாத கல்லூரி விழாக்குழு, ‘எல்லாம் சேர்த்தே ஒரு லட்சம்’ என்று நிற்கும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. செவ்வியல், நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சி ஒன்றுக்குச் சன்மானம் ₹1.5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் ஜி.எஸ்.டி. கிடையாது. கர்நாடக சங்கீதக் கச்சேரி, கரகம், பறையாட்டம் எல்லாம் இதில் வரும். தமிழ் ராப் வராது. பறையும் ராப்பும் ஒரே மேடையில் கலந்து ஒலித்தால் என்ன கணக்கு என்று ஆடிட்டரைத்தான் கேட்க வேண்டும். கானா எந்தப் பெட்டி என்பதும் சுவையான கேள்வி.

சினிமாவின் இழுப்பு

இந்தக் கூட்டல் கழித்தலைப் பார்த்த பிறகு, தமிழில் சுயாதீனமாகப் பேர் வாங்கியவர்கள் ஏன் சினிமாவுக்குப் போகிறார்கள் என்று கேட்கத் தோன்றாது. ஹிப்ஹாப் தமிழா சுயாதீனப் பாடல்களில் பேர் வாங்கி, 2015-இல் ‘ஆம்பள’ படத்தின் மூலம் இசையமைப்பாளர் ஆனது பலருக்கும் வழிகாட்டியது. கொள்கையை விட்டுக்கொடுத்தார்கள் என்று இதைப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சினிமாவில் சம்பளம் ஒரே தடவையாக, பெரும்பாலும் பாட்டு வெளியாகும் முன்பே வருகிறது. வீடியோ செலவு தயாரிப்பாளருடையது, விளம்பரச் செலவு இசை நிறுவனத்துடையது.

வேடிக்கை என்னவென்றால், 2012 திருத்தத்தின் பாதுகாப்பும் அங்கேதான் நன்றாக வேலை செய்கிறது. சினிமாப் பாட்டை எங்கெங்கே ஒலிபரப்புகிறார்கள் என்று கணக்கெடுக்க வானொலி, தொலைக்காட்சி, ஹோட்டல் என்று ஏற்பாடுகள் இருக்கின்றன. இசை நிறுவனம் தன் பங்குக்காகவே பாட்டை எல்லா இடத்திலும் பதிவு செய்துவிடுவதால், ஐ.பி.ஆர்.எஸ். உறுப்பினரான பாடலாசிரியரின் பங்கும் கூடவே நகர்கிறது. சொந்தப் பாட்டுக்கு அந்த குமாஸ்தா வேலையை யார் செய்வது? கலைஞரே செய்ய வேண்டும், ராத்திரி ஒத்திகை முடிந்து வந்த பிறகு.

அதனால் நடைமுறையில் ஒருவருடைய மாதம் இப்படித்தான் போகிறது: இரண்டு ஷோ, ஒரு விளம்பர ஜிங்கிள், வாரத்தில் நாலு நாள் கிட்டார் வகுப்பு, யாரோ ஒருவரின் பாட்டுக்கு மிக்ஸிங், சினிமாவில் ஒரு டிராக் (மாதிரிக்காகப் பாடிக் கொடுப்பது) பாடுதல். இதற்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் சொந்தப் பாட்டு. மேலே உள்ள ஐந்தும் அந்தப் பாட்டுக்கான செலவைக் கட்டுகின்றன. பதிலுக்கு அந்தப் பாட்டு, அடுத்த ஷோவுக்கு அழைக்கிறவர் ‘இவர் யார்?’ என்று தேடும்போது அனுப்புவதற்கு ஒரு லிங்க்காக இருக்கிறது.